காயாம்பூ மேட்டில் ஒரு விசில்

என் கழுத்தில் விசில் தொங்கியது வாழ்நாளில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று மதியத்துக்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் ஆண்களில் பாதிப் பேர் முழங்காலில் டிஞ்சர் தடவிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னிடம் விசில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. ஆவடிப் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸ் முடித்து, ஃபிட்டராக நிரந்தரம் ஆகியிருந்தேன். வேலை நிரந்தரமானதும் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். ரொம்ப தூரம் தேடவில்லை. அதே குவார்ட்டர்ஸில் மூன்று தெரு தள்ளி, தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் ராமலிங்கம் சாரின் மகள் கலா.

பெண் பார்க்கப் போன அன்று கலா காபி கொண்டுவந்தாள். நிதானமான பையனாக இருந்தால் வாங்கி, ஆற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்திருப்பான். நான் அவள் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் கொதிக்கிற காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்றேன். (என்றுதான் நினைத்தேன். நாக்கு வெந்துபோனதில் வெறும் காற்றுதான் வெளியே வந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.)

ஜாதகம் பொருந்தியது. இரண்டு அம்மாக்களும் புடவை எடுக்கும் கடை வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். ராமலிங்கம் சார் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு, "பையன் அவசரக்காரனாத் தெரியிறானே. ஒரு நா கூட இருந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கலாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவ்வளவுதான், அதை வேறு எப்படிச் சொல்வதென்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் கேட்ட அந்த ஒரு நாள் பங்குனியில் வந்தது. எங்கள் மனமகிழ் மன்றத்தில் ஆண்டுக்கொரு முறை சைக்கிளில் கூட்டமாக எங்காவது போய்வருவோம். எனக்கு நூம்பலில் ஏகாம்பரம் என்று ஒரு நண்பன். நிலம் நீச்சு உள்ள குடும்பம், எங்கள் தொழிற்சாலைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. குன்றத்தூருக்கு அப்பால் ஒரு மேட்டுக்காடு முழுக்க நீலப் பூவாகப் பூத்துக் கிடக்கிறது என்று அவன் சொன்னதை நான் மன்றத்தில் சொன்னேன். புதுக்கோட்டைக்காரரான ராமலிங்கம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காயாம்பூவா இருக்கும். எங்க ஊர்க் காட்டுல நெறைய உண்டு. போவோம்" என்றார். யோசனை சொன்னவன் என்பதால் என்னையே பயணத்துக்குத் தலைவனாக்கிக் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள்.

முதல் நாள் மாலை பால் பூத் வரிசையில் கலா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல், பால்காரரைப் பார்த்தபடி பேசினாள்.

"நாளைக்கு அப்பா வர்றாரு."

"தெரியும்."

"சாயங்காலம் பதில் சொல்றேன்னு இருக்காரு. நீங்க வாயத் தொறக்காம சைக்கிள ஓட்டிட்டு வாங்க. அது போதும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சரின்னு சொல்லியாச்சு. நீங்க கெடுத்துடாதீங்க."

அன்றிரவு பிரேக் கட்டைகளை மாற்றினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

காலையில் புறப்பட்டு, வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையைத் தாண்டி, நூம்பலில் ஏகாம்பரத்தைச் சேர்த்துக்கொண்டு, காட்டுப்பாக்கம் வழியாகப் போனோம். வழியெல்லாம் வேப்பம்பூ வாசனை. ராமலிங்கம் சார் என் பக்கத்தில் வந்து, "வேல எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "அம்மா சௌக்கியமா?" தலையை ஆட்டினேன். "பூவு இன்னும் எவ்வளவு தூரம்?" அதற்கும் தலையை ஆட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பின்தங்கிக்கொண்டார். (நிதானத்துக்கும் ஊமைத்தனத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.)

குன்றத்தூரைத் தாண்டியதும் நிலம் ஏறி இறங்கத் தொடங்கியது. கடைசியில் ஒரு செம்மண் வண்டிப்பாதை மேட்டில் ஏறியது. எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம்.

மேலே போய்ச் சேர்ந்தோம். ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் அதிகமான மரங்கள். காம்பு, கிளை என்று பார்க்காமல் எங்கும் கொத்துக் கொத்தாக நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழேயும் உதிர்ந்து கிடந்ததில், நாங்கள் கால் வைக்க இடமில்லாமல் தயங்கினோம். நாள் முழுக்க இரும்பையும் கிரீஸையும் பார்க்கிற ஆட்கள் நாங்கள். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். யாரும் சொல்லவில்லை.

ராமலிங்கம் சார் ஒரு கிளையைப் பறிக்காமல் வளைத்து முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"பெருமாள் நெறம்னு சொல்லுவாங்கல்ல? இதுதான். நல்ல எடத்துக்குக் கூட்டியாந்தீங்க தம்பி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன். அங்கிருந்து பறந்து வந்து வீட்டில் இறங்கியிருந்தால் முடிந்தும் இருக்கும். ஆனால் மேட்டிலிருந்து கீழே இறங்க வேண்டியிருந்தது.

இங்கே எங்கள் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வாசலில் காவலர் விசில் ஊதினால், சைக்கிளில் வருகிறவர் அதே இடத்தில் குதித்து இறங்க வேண்டும். யார், எவர் என்ற பேச்சே கிடையாது. இறங்கி நின்று, டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காலையிலும் மாலையிலும் இதே பாடு. பல வருஷ சர்வீஸ்காரர்களுக்கு விசில் காதில் விழுவதற்கு முன்பே கால் தரையில் இருக்கும்.

சரிவில் ஏகாம்பரம் முதலில் போனான். அடுத்து நான். எனக்குப் பின்னால் நெருக்கமாக, ஒருவர் பின் ஒருவராக மொத்தக் கூட்டமும். வண்டிகள் நல்ல வேகம் எடுத்துவிட்டன. பாதி வழியில், ஏகாம்பரம் கடந்துபோன வளைவில், புதருக்குள்ளிருந்து ஒரு ஆட்டு மந்தை பாதைக்கு வந்தது.

கத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று கலாவுக்காக எடுத்த சபதம் இருந்தது. ஆகவே விசிலை எடுத்து, மூச்சு முழுவதையும் சேர்த்து ஊதினேன்.

பின்னால் ஒரே நேரத்தில் அத்தனை கால்களும் தரையில் பதிந்த சத்தம் கேட்டது. ஓடுகிற சைக்கிளிலிருந்து, செங்குத்துச் சரிவில், மொத்தத் தொழிற்சாலையும் இறங்கிவிட்டது. அடுத்து இரும்பும் மணியும் டிபன் பாக்ஸும் மனிதர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம். ஆடுகள் பத்திரமாகக் கடந்து போயின.

நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை. ஏனென்றால் நானும் இறங்கியிருந்தேன். என் விசிலுக்கு நானே குதித்துக் காரைமுள் புதருக்குள் கிடந்தேன்.

ஏகாம்பரம் கீழே போய்ச் சேர்ந்து, ஆள் யாரையும் காணாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான். அந்தக் காட்சியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா மச்சான் இது? ஆடு குறுக்க வந்துச்சுன்னா பிரேக்கு புடிக்காம அல்லாரும் எறங்கிக்கினு கீறீங்க?"

வெளியாளுக்கு அதை எப்படி விளக்குவது?

ராமலிங்கம் சார் நடுவில் இருந்தார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, முறைப்படி சரியாக இறங்கி நின்றவர் அவர் ஒருவர்தானாம். கை டிபன் பாக்ஸ் மூடிக்குக்கூடப் போய்விட்டதாம். பின்னால் வந்தவர்கள்தான் அவர்மேல் விழுந்திருக்கிறார்கள். சட்டையெல்லாம் புளிசாதமாக, இடது மணிக்கட்டு வீங்க, பாதையோரம் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

குன்றத்தூரில் ஒரு டாக்டர் மாவுக்கட்டு போட்டார். ராமலிங்கம் சாரின் சைக்கிளை ஏகாம்பரம் தன் வண்டியோடு ஒரு கையில் பிடித்து ஓட்டிவந்தான். அவரை என் கேரியரில் உட்காரவைத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் வேகத்தைக் குறைத்து, ஆவடி வரைக்கும் மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் எதையும் செய்ததில்லை. இனி அதனால் என்ன பயன் என்று தோன்றியபோது அழுகை வந்தது. நான் முன்னால் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் வீட்டு வாசலில் கலாவும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் கலா என்னைத்தான் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவள் அம்மா.

ராமலிங்கம் சார் மெதுவாக இறங்கினார். "இவரு விசில் ஊதுனாரு. எல்லாரும் எறங்கிட்டோம்."

"ஓடுற வண்டியிலயா? இவரு?"

"இவருந்தான். தானே ஊதிட்டுத் தானே எறங்கிக் கெடந்தாரு முள்ளுக்குள்ள." கட்டுப் போட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தன் விசிலுக்கே எறங்குற பிள்ள, உம் மக பேச்சுக்கா எறங்காது? தேதி பாக்கச் சொல்லு."

கல்யாண ஆல்பத்தில் மாமனார் மாவுக்கட்டோடுதான் இருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து கலாவின் குரல் வரும்: "எறங்குங்க!" மாமனார் வந்திருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, இல்லாத டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவார். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துதான் வளர்ந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமனார் தவறிவிட்டார். பாடையின் முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். அவ்வளவு தூரம் நடக்க முடியாத பழைய சகாக்கள் சைக்கிளில் மெல்ல மிதித்துப் பின்னால் வந்தார்கள். தெருமுனையில், பெண்கள் நின்றுகொள்ள வேண்டிய இடத்தில், எங்களுக்கு வழிவிடுவதற்காகப் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதினார்.

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அத்தனை கிழவர்களும் ஒரே நேரத்தில் இறங்கி நின்றார்கள். பாடையைச் சுமந்தபடி நானும் நின்றுவிட்டேன்.

அழுதுகொண்டிருந்த கலா சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பா மட்டுந்தாம்மா எறங்கல."