சுவரெல்லாம் ஒரு முதுகு

போஸ்டர் ஒட்டிய மறுநாளே முதல் போன் வந்தது.

"ஏங்க, முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரே, அவரு காணாமப் போயிட்டாரா?"

சின்னவளுக்குத் தலை சுற்றியது. அது பாட்டுக் கச்சேரி விளம்பரம். இசை நிகழ்ச்சிகளை விளம்பரம் செய்து நடத்தும் நிறுவனத்தில் அவள் தனியாகக் கையில் எடுத்த முதல் நிகழ்ச்சி. அரங்கம் நிரம்பினால் வேலை நிரந்தரம். நிரம்பாவிட்டால் அத்தானின் டைல்ஸ் கடை. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியை அக்கா இப்போதே துடைத்து வைத்துவிட்டாள்.

பாடகர் விஷயமே கொஞ்சம் சிக்கல். அவர் பாட்டு எல்லோருக்கும் தெரியும், முகம் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத முகத்தை மறைத்தே விற்றுவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. கறுப்புக் கோட்டில் ஒரு முதுகு, கீழே 'ஞாயிறு மாலை. யார் இவர்?' படத்துக்கு நின்றது அலுவலக டிரைவர்.

"மேடையேறுற நிமிஷம் வரைக்கும் யார் பாடப் போறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது சார்" என்று பாடகரின் மேனேஜரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"வெட்டிப் போட்டாலும் வாயத் திறக்க மாட்டேம்மா" என்றார் அவர்.

இரண்டாவது போன் டிரைவரின் மனைவியிடமிருந்து. "எங்க வீட்டுக்காரர் முதுகு எனக்குத் தெரியாதா? என்ன பண்ணித் தொலைச்சாரு, சுவரெல்லாம் ஒட்டியிருக்கீங்க?"

குழப்பம் தீரட்டும் என்று முதுகுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்துப் புதுப் போஸ்டர் அடித்தாள்.

"எந்தக் கட்சிக் கூட்டம்மா?" என்று கேட்டார்கள். ஒருவர் தன் ஆட்களைக் கூட்டி வருவதாகவும், வண்டி மட்டும் அனுப்பினால் போதும் என்றும் சொன்னார்.

மைக்கை எடுத்துவிட்டுக் கிதாரை வைத்தாள். அடுத்த நாள் காலையில் அலுவலக வாசலில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு நின்றார்கள்.

"வாரத்துல எத்தன கிளாஸ்? இவனுக்கு விரல் நல்லா நீளம், பாருங்க."

சின்னவளுக்கு அழுகை வந்தது. கடைசியில், 'பாடுகிறார்' என்று ஒரே ஒரு சொல்லைப் பெரிதாகச் சேர்த்தாள். அதுதான் வினையாகிவிட்டது. இவ்வளவு மூடி மறைக்கிறார்கள் என்றால் யாரோ மிகப் பெரிய ஆள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விமானம் வருகிறதாம். சின்னவளிடமே பஸ்ஸில் ஒரு பெண் ரகசியமாகச் சொன்னாள்.

டிக்கெட் பறந்தது. அவள் நிறுவனத்தின் முதலாளியம்மாவிடம் ஓடினாள்.

"மேடம், பேரச் சொல்லிடலாமா? வேற யாரையோ எதிர்பார்த்து வர்றாங்க."

"உஷ்" என்றார் முதலாளியம்மா. "மூச்சு விட்டா வேலை போச்சு."

ஞாயிறு மாலை அரங்கத்தில் நிற்கக்கூட இடமில்லை. அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் தயார். பாடகரை மட்டும் காணோம்.

மேனேஜர் பக்கவாட்டில் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அவர் எங்க?"

"இன்னிக்கு அவருக்கு வேற ஒரு வேலையும் கிடையாதும்மா. இந்த நாளையே காலியா வெச்சுட்டேன்ல" என்றார் மேனேஜர். "ரகசியத்த எங்க வெளிய விட்டுடுவேனோங்கிற பயத்துல எனக்குத்தான் ராத்திரி தூக்கமே இல்ல."

"வந்துட்டாரா இல்லையா, அதச் சொல்லுங்க."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க வெச்சா கேக்கறது? யார் காதுலயாவது விழப்போகுது."

கூட்டம் கைதட்டத் தொடங்கியது. முதலாளியம்மா தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். இந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. மேனேஜர் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பாடகரின் எண்ணைத் தேடி அழைத்தாள்.

மணி கீழே மூன்றாவது வரிசையில் ஒலித்தது. தன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மடியில் பாப்கார்னோடு ஒருவர் குனிந்து போனை எடுத்தார்.

"அப்புறம் பேசறேன் சார், திரையத் தூக்கப் போறாங்க. யார் பாடறாங்கன்னு ஒரு வாரமாக் கேட்டும் நீங்க வாயத் திறக்கல. அதான் டிக்கெட் வாங்கிட்டு நானே பாக்க வந்துட்டேன்."