துண்டுக்குள் ஒரு ஃபீஸ்

"ஃபீஸ் ஐயாயிரம் டீச்சர்" என்றான் சகாய ஆனந்த்.

கலைமணி டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அவனே தொடர்ந்தான். "ஜாஸ்தின்னா மூவாயிரம். அதுவும் இப்பவே வேணும்னு இல்ல. நம்ம டீச்சர்தானே."

டீச்சர் கைப்பையையும் திறக்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் அவனுடைய நிதி ஆலோசனை அலுவலகம். யார் பணத்தை எங்கே போட்டால் வளரும் என்று சொல்வதில் கெட்டிக்காரன். தன் கூலியைக் கேட்கும்போது மட்டும், அடுத்தவர் சட்டைப் பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல விழிப்பான். இந்த மாதமும் வாடகை தேறாவிட்டால் கடையைக் கட்டிவிட்டு, சிதம்பரத்தில் மச்சானின் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். மச்சான் அதற்கு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

மனைவி ஜெயராணி வேறு ரகம். மீன் மார்க்கெட்டில் அவள் விலை கேட்டால் ஐஸில் கிடக்கும் மீனுக்கே வியர்க்கும். 'ஆண்டுக் கட்டணம் ரூ. 20,000' என்று போர்டு எழுதி மாட்டினாள்.

வந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள். "பெயின்டர் ஒரு சைபர் சேத்துப் போட்டுட்டாருங்க" என்றான் ஆனந்த்.

கண்ணாடி முன் நின்று ஃபீஸ் கேட்டுப் பழகச் சொன்னாள். கண்ணாடியில் இருந்தவனுக்கும் பாதியாகக் குறைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி பொன்னுரங்கம் போன் செய்தார். நிலம் விற்ற பணம், இரண்டு கோடி.

"ஃபீஸ் எவ்ளோ தம்பி?"

"காசு கெடக்குதுங்க ஐயா. அப்பறம் பாத்துக்கலாம்."

"காசு கெடக்குதுன்றவங்கிட்ட எங் காச எப்டிப்பா குடுக்கறது?" கொஞ்சம் யோசித்தார். "சரி, சனிக்கிழம வரேன். ஆளப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆனந்துக்குப் பல்வலி பிடித்தது. மறுநாள் காலை ஜெயராணி பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நர்ஸ் ரேகாவை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ பேசிவிட்டு வந்தாள். ஊசியைக் கண்டதுமே ஆனந்த் கண்ணை இறுக மூடினான். திறந்தபோது வாய் நிறையப் பஞ்சு.

"சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது சார்" என்றாள் ரேகா.

அலுவலகத்தில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார்.

"பல்லு புடுங்கியிருக்கு ஐயா, பேச முடியாது. ஃபீஸ் போர்டுல இருக்கு" என்றாள் ஜெயராணி.

"அதுக்கின்னாம்மா? மாட்டுச் சந்தையில எவன் வாயத் தொறந்து வெல பேசறான்?" தோள்துண்டை எடுத்து ஆனந்தின் கைமேல் போட்டார். "ஒரு விரலு பத்தாயிரம்."

துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தார். 'போதுங்க ஐயா, அதுவே ஜாஸ்தி' என்று சொல்ல நினைத்தான் ஆனந்த். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. கூச்சத்தில் கையை உருவினான்.

"ஒத்துக்க மாட்டன்றியா?" இரண்டு விரல்.

அவ்வளவு வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினான்.

"விடாக்கண்டனா இருக்கியே." மூன்று விரல்.

ஆனந்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. போதும், நிறுத்துங்கள் என்று மறு கையை விரித்துக் காட்டினான்.

"அஞ்சா?" பொன்னுரங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மேசை குலுங்கச் சிரித்தார். "நாலுல முடி தம்பி. வயசானவன் கேக்கறேன்."

நாற்பதாயிரத்துக்குச் செக் எழுதினார். போர்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

"தன் வெலையில இப்டி நிக்கறவன் எங் காச சும்மா வுட மாட்டான். எம் மச்சானுங்க ரெண்டு பேரையும் அனுப்பறேன். அவனுங்களுக்கு அஞ்சு விரலுக்குக் கொறையாத."

அவர் படியிறங்கியதும் ஆனந்த் முதல் வேலையாகச் சிதம்பரத்து மச்சானுக்குச் செய்தி அனுப்பினான்: நாற்காலியை விற்றுவிடவும்.

சாயங்காலம் பஞ்சை எடுத்தான். வாயில் வலி இல்லை. நாக்கால் துழாவினான். பள்ளமும் இல்லை. கிளினிக்குக்குப் போன் போட்டான்.

"ஏம்மா ரேகா, பல்லு புடுங்குன எடத்தையே காணுமே?"

"பல்லா? நாங்க மீன் முள்ளுதான் சார் எடுத்தோம். பஞ்சு உங்க மேடம் வெக்கச் சொன்னாங்க. அதுக்குத் தனியா அம்பது ரூபா கேட்டோம், இருபதுல முடிச்சிட்டுப் போயிட்டாங்க."