பச்சைக் கம்பியில் காய்ந்த துணிகள்

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரியும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மற்றபடி என் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாம், வயரிங்கைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் இந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று என் மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேத்தியை நான் இன்னும் மடியில் வைத்ததில்லை, வேறு வழி? சோதனைக்கு ஆள் சொன்னேன். மீட்டரோடு ஒரு பெண் வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஃப்ரிட்ஜுக்கு எதுக்குப் பாட்டி ரப்பர் செருப்பு?" என்றாள். "ஃப்ரிட்ஜுக்கு இல்லம்மா, திறக்குறவங்களுக்கு. வெறுங்காலோட தொட்டா சுள்ளுனு இழுக்கும்" என்றேன். குளிக்கப் போகிறவர் குரல் கொடுத்தால் மிக்ஸியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குளியலறை விளக்கு அணைந்துவிடும் என்பதையும் சொல்லிவைத்தேன். "எப்படிப் பாட்டி உயிரோட இருக்கீங்க?" "எல்லாம் பழக்கம்தான்."

பிறகு கொல்லைப்பக்கம் போனவள் துணி காயும் பச்சைக் கம்பியைப் பார்த்துக் கத்தினாள். "பாட்டி, இது எர்த் கம்பி! கசியிற கரண்ட்டை மண்ணுக்குள்ள அனுப்ப வேண்டியது. இதுல பாவாடை தொங்குது!" எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிவிட்டது. வீடு கட்டும்போது வயரிங் வேலையை நீங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு, மூன்றாவது பொத்தான் இல்லாத அந்தக் கோடு போட்ட சட்டையோடு ஏணிமேல் நின்று, "இது மிச்சக் கம்பி அண்ணி, துணி காயப்போட்டுக்கோங்க" என்று தாராளமாகச் சொன்னது யார்? முதல் தடவை ஃப்ரிட்ஜ் இழுத்த அன்று, உங்களுக்கு இந்த வேலை தெரியலை தம்பின்னு நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னதுக்குத்தானே கோவிச்சுக்கிட்டுப் போனீங்க? உங்க அண்ணன் இருந்தவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், வந்தீங்களா? இப்பச் சொல்லுங்க, நான் சொன்னது தப்பா?

"யாரு பாட்டி இந்த வேலையைப் பார்த்த மகராசன்? மாலை போடணும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "என் கொழுந்தனாரைத் திட்டுறதுக்கு நான் இருக்கேன், நீ மீட்டரைப் பாரு" என்றேன்.

அப்புறம் வேலையாட்கள் வந்து சுவரைக் கொத்தி, எல்லாவற்றையும் மாற்றினார்கள். முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அதன் மேலேயே சாய்ந்து அழுதுவிட்டேன் தம்பி. குழந்தை எங்கே வேண்டுமானாலும் தவழலாம்.

ஆகவே, இனி இந்த வாசலை நீங்கள் மிதிக்கவே தேவையில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழுங்கள், தூரமாகவே.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அண்ணி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாள். குழந்தைத் துணி நிறையச் சேரும், காயப்போடக் கொடியே இல்லை. நல்ல கயிறாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே இருவரும் வந்துவிடுங்கள். நீங்களே கட்டலாம். கயிறுதானே, பயமில்லை.