கோவிச்சுக்கொண்டு அளவெட்டிக்குப் போன வேட்பாளருக்கு

புத்தூர்.

அன்பிலும் பண்பிலும் சிறந்த மைத்துனர் ஜெயரூபனுக்கு அத்தான் மார்க்கண்டு எழுதுவது. இங்கு நானும் உன்ரை அக்கா பூரணமும் பிள்ளை கஜந்தினியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். உங்கள் சுகமும் அவ்வாறே இருக்கவேணும். நீ போன் எடுக்காதபடியால் கடிதம்.

மச்சான், பிரதேச சபை எலெக்சனிலை தோத்த கையோடை பெண்சாதி வீட்டை போய்க் குந்தியிருக்கிறாய். உன்ரை சுயேச்சைக் குழுவும் தோத்தது, என்ரை சுயேச்சைக் குழுவும் தோத்தது, அதுக்கு நான் என்ன செய்ய? நீ வாளிச் சின்னம், நான் அலுமாரி. வட்டாரத்திலை ஆருக்கு வாக்குக் கூடவோ அவன்தான் வெல்லுவான் எண்டு தெரிஞ்சும் எங்கடை சனம் செய்த வேலையைக் கேள். ரண்டு பேரும் சொந்தம், ஒருத்தரும் குறை நினைக்கக்கூடாதெண்டு வீட்டு வாக்கைப் பாதி பாதியாய்ப் பிரிச்சுப் போட்டிருக்குதுகள், அயல்வீட்டுத் தம்பிஐயா வீட்டிலை வெங்காயம் பங்கிடுற மாதிரி. அந்த வெங்காயம் இந்தமுறை அழுகல், சுன்னாகம் சந்தையிலை ஒருத்தனும் தொடேல்லை, அது வேறை கதை. எங்கை விட்டனான்? ஓம், வாக்கு. உன்ரை அக்கா என்ன செய்தவ தெரியுமே? "இவருக்குப் போட்டால் தம்பிக்கு நோகும், தம்பிக்குப் போட்டால் இவர் சாப்பிடமாட்டார்" எண்டு வாக்குச்சீட்டிலை ரண்டு சின்னத்துக்கும் புள்ளடி. அது செல்லாதடி எண்டால், "மனமறிஞ்சு போட்டது எப்பிடிச் செல்லாமல் போகும்" எண்டு என்னோடை சண்டை. உதுக்கை பெரிய கட்சிக்காரன் வெண்டிட்டுப் போட்டான். உன்ரையையும் என்ரையையும் கூட்டினால் அவனை விடக் கூட.

ஆனபடியால் அடுத்தமுறை ஒண்டாய் நிப்பம். வாளியோ அலுமாரியோ, நீயே சொல்லு. வாற வெள்ளி கஜந்தினியின்ரை கலியாணம். தாய்மாமன் நீ தலையிலை பால் அறுகு வைக்காமல் பிள்ளையை எப்பிடி முழுக வாக்கிறது? "மாமா வராட்டில் மணவறையிலை ஏறமாட்டன்" எண்டு நிக்கிறாள். கொக்கா பூரணம் அடுப்படியிலை மூக்கைச் சிந்திக்கொண்டு திரியிறா. வா ராசா.

உன்ரை மனிசி ஜெயனிக்கும் பிள்ளையளுக்கும் எங்கடை அன்பு. பிள்ளையார் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
அத்தான் மார்க்கண்டு

பி.கு: கடிதத்தை ஒட்டப்போக, பட்டியல் ஆசனம் அறிவிச்சிட்டாங்கள். எல்லா வட்டாரத்திலையும் சிதறின வாக்கைக் கூட்டிப் பங்கிட, உன்ரை குழுவுக்கு ஒண்டு, என்ரை குழுவுக்கு ஒண்டு. தனித்தனியப் பாத்தால் முழு ஆசனத்துக்கு ஒருத்தரின்ரை வாக்கும் காணாதாம், மிச்சமாய் நிண்ட வாக்குக் கூட எண்டுதான் ஆளுக்கொண்டு வந்ததாம் எண்டு கணக்குப் படிப்பிக்கிற உதயகலா ரீச்சர் பாத்துச் சொல்லுறா. சேந்து நிண்டிருந்தால் வட்டாரத்திலை வெல்லுற ஒண்டோடை சரியாம், பட்டியலிலை ஒண்டும் வராதாம். ஆனபடியால் மேலை எழுதின சமாதானத்தைக் கிழிச்சுப் போடு, அடுத்தமுறையும் பிரிஞ்சே நிப்பம். கலியாணத்துக்குக் கட்டாயம் வா. பந்தலுக்கை ஆக்கள் பாக்க என்னோடை கதைச்சுப்போடாதை.