என் காருக்குப் பாவாடை கட்டிய ஸ்பேனர்

நட்டு எது, போல்ட் எது என்று தெரியாமலே மெக்கானிக் ஆனவன் இந்த உலகத்திலேயே ஸ்பேனர் ஒருவன்தான்.

இருபது வருடம் ரப்பர் பால் வெட்டியவன். தோட்டத்தில் மரங்களைத் தறித்துவிட்டு வேறு பயிர் வைத்ததும் வேலை போயிற்று. மறுநாளே, பால்வெட்டும் கத்தி இருந்த இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு கிளம்பினான். அதுவே அவன் பெயராயிற்று. வயது நாற்பத்தைந்து. அனுபவசாலியாகத் தெரியவேண்டும் என்று சட்டையில் கழிவு ஒயிலைத் தானே பூசிக்கொள்வான். கோயிலுக்கும் அதே சட்டைதான்.

நான்கு கராஜ்களில் விரட்டினார்கள். கரவனெல்ல டவுனில் ஐந்தாவது கராஜ் முதலாளி, யாருக்காவது வேலை செய்ததாகக் கடிதம் கொண்டுவரச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான என்னிடம் வந்தான். என் படிப்புக்காக அல்ல. மழையைக் கண்டதும் நின்றுவிடும் கார் என்னிடம்தான் இருந்தது.

“சேர், வண்டிய ஒருநாளைக்கு விடுங்க. வேல செஞ்சேன்னு ஒரு கடுதாசி குடுங்க. இங்கிலீசுல இருந்தா கெத்தா இருக்கும்.”

விட்டேன். அடியில் ஒயில் மூடியைக் கழற்றி, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, எதிரே குந்திவிட்டான். காலை முழுவதும் அதே கோலம்.

“என்னடா பண்ற?”

“கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும் சேர். அவசரப்பட்டா மரம் பட்டுப்போயிரும். இல்ல... வண்டி.”

பிறகு பொனட்டைத் திறந்து, நான் வாங்கிக் கொடுத்த புது ஒயிலை ஊற்றினான். மழைக்காலத்தில் பாலில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் மரத்துக்குக் கட்டுவார்களே, அதே பொலித்தீன் பாவாடையை, தீப்பொறி தரும் பாகத்தைச் சுற்றிக் கட்டித் தாரும் பூசினான்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்போடு ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன்: ‘இவர் ரப்பர் மரங்களை நன்கு அறிந்தவர். என் காரையும் ஒரு ரப்பர் மரம் என்றே நம்புகிறார்.’

ஆங்கிலம் தெரியாத ஸ்பேனர் அதை இரண்டு கையாலும் வாங்கிப்போய் லெமினேட் செய்தான். நானோ அந்த இரண்டு வரியையும் தேநீர்க் கடையில் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் படிப்பித்தவன் நான்.

மறுவாரம் அடைமழை. மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவனுக்கு, கரவனெல்ல போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது: கார் எங்கேயும் நிற்கவில்லை.

மருந்தை மறந்து கராஜுக்கு ஓட்டினேன். வெளியூர் போயிருந்த முதலாளி அன்றுதான் திரும்பியிருந்தார். கடிதம் அவர் கையில். வாசலில் ஸ்பேனர் நனைந்துகொண்டு நின்றான்.

“முதலாளி, சேரே வந்துட்டாரு!”

முதலாளி சிங்களவர், அவருக்கும் ஆங்கிலம் வராது. “மஹத்தயா, மேக கியவன்ன” என்று, வாசித்துக்காட்டச் சொல்லி என்னிடமே நீட்டினார்.

சிங்களத்தில் வாசித்தேன். மழையில் நின்றுபோகும் காரை ஓடவைத்தவன் என்று வாசித்தேன். கடைசிச் சொட்டுவரை பொறுத்திருப்பவன் என்று வாசித்தேன். தெரியாத வேலையையும் தெரிந்த வேலையைக் கொண்டு பிடித்துவிடுவான், இவனை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றும் வாசித்தேன்.

“ஹரி, சரி. நாளைக்கி வா” என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் ஸ்பேனர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏன் சேர், ரெண்டு வரிக்குள்ள இம்புட்டுமா எழுதியிருந்தீங்க?”

“இங்கிலீசு அப்படித்தான்டா” என்றேன்.

இப்போது மழை பிடித்தால், வேலை இல்லாவிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கராஜ் வழியாக ஒரு சுற்றுப் போய்வருகிறேன். பாவாடையை இன்னும் அவிழ்க்கவில்லை.