தலைவர் தசரதன் போருக்கு மனுப் போட்ட கதை

பிள்ளைகளே, ஒரு விடுகதை. கால் கிடையாது, ஆனால் மேசை மேசையாக நடக்கும். பத்து வருடம் நடந்தாலும் அடுத்த அறைக்குப் போய்ச் சேராது. அது என்ன?

மனு என்று சொன்னவர்கள் தங்களுக்குத் தாங்களே கை தட்டிக்கொள்ளலாம். திருவண்ணாமலையில் இதற்கு விடை தெரியாதவர்கள் கிடையாது. எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் தசரதன். கிரிவலப் பாதை ஆட்டோ ஓட்டுநர் எழுச்சிச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். ஆட்டோ நிறுத்தத்துக்கு ஒரு தகரக் கூரை வேண்டும் என்று பதினோரு வருடத்துக்கு முன்பு அவர் கொடுத்த மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தசரதன் அரசியல்வாதியும்கூட. இந்த முறை எப்படியும் கவுன்சிலர் ஆகிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அந்த வருடம் தலைவர்களிடையே ஒரு புது மோஸ்தர் பரவியிருந்தது. உள்ளூர்ச் சாக்கடையைப் பற்றிப் பேசினால் மதிப்புக் கம்மி. வெளிநாட்டைப் பற்றிப் பேசினால் ஜாஸ்தி. வேன் ஓட்டுநர் சங்கத் தலைவர் கோதண்டராமன், பனிக்கரடிகளின் நலனுக்காகப் பேருந்து நிலையத்தின் எதிரே காலைப் பலகாரம் முதல் மதியச் சாப்பாடு வரை உண்ணாவிரதம் இருந்தார். அந்தப் படம் ஊரில் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. அதைப் பார்த்த தசரதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த வகையில் அவரும் உண்ணாவிரதம் இருந்தார். படம் எடுக்கத்தான் ஆளில்லை.

அப்போது எங்கோ தொலைவில் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்த நாடுகளின் பெயரைச் சங்கத்தில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அடுத்த வாரம் நடந்த சங்கக் கூட்டத்தில் தசரதன் எழுந்தார். கண்டனத் தீர்மானம் போடுவதெல்லாம் கோழைகளின் வேலை என்றும், தாமே நேரில் சென்று துப்பாக்கி ஏந்தப் போவதாகவும், தம்மைத் தடுப்பவர் எவராயினும் மனித குலத்தின் எதிரி என்றும் அறிவித்தார். கைதட்டலில் பந்தல் ஆடியது.

தசரதனுக்குப் போருக்குப் போகும் எண்ணம் துளியும் கிடையாது. அனுமதி கேட்டு மனுக் கொடுப்பார். மனு எப்படியும் நகராது. தேர்தல் வரைக்கும் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். ‘வீரனைத் தடுக்காதே’ என்று பேனர்கூட அச்சடித்துச் சுருட்டி வைத்துவிட்டார்.

மனைவி உண்ணாமலை எதிர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

பொது அனுமதிகள் அலுவலகத்தில் வினோதினி என்ற எழுத்தர் படிவத்தை எடுத்தார்.

“எந்தத் தரப்புல சண்டை போடப் போறீங்க சார்?”

“நியாயத்தின் தரப்புல.”

“ரெண்டு பேருமே அதைத்தான் சொல்றாங்க. இங்க ஒரு கட்டத்துலதான் டிக் போட முடியும்.”

“அங்க போய்ப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னு எழுதும்மா.”

வினோதினி ‘கள ஆய்வுக்கு உட்பட்டது’ என்று எழுதினார். பிறகு தசரதன் தொழிற்சங்க முறைப்படி தம் நிபந்தனைகளைக் கூறினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போரிட இயலாது. பௌர்ணமியன்று விடுப்பு. தேநீர் இடைவேளையில் எதிரி குண்டு போடக் கூடாது. மூன்றும் பதிவு செய்யப்பட்டன.

மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அந்த அலுவலகத்தின் வாசலில் தசரதன் இதுவரை நாற்பத்தோரு போராட்டங்கள் நடத்தியிருக்கிறார். அவர் வெளிநாடு போக விரும்புகிறார் என்று தெரிந்ததும் பதினான்கு மேசைக்காரர்களும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்கள். விடுப்பில் இருந்த கண்காணிப்பாளர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து முத்திரை குத்திவிட்டுப் போனார்.

தசரதன் ஆணையை வாசித்தார். ‘தாங்களும், இணைப்பில் கண்ட அறுபத்து மூன்று நபர்களும் போரிடுவதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்று இருந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் எதற்கு மனுக் கொடுத்தாலும், உறுப்பினர்கள் அறுபத்து மூன்று பேரின் கையெழுத்துத் தாள் பின்னால் இணைக்கப்படும். ஒவ்வொரு முறையும் அலைய முடியாது என்பதால், செயலாளர் அறிவுச்செல்வன் அம்மாதிரித் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்.

“எப்பவும் வைக்கிறதுதானே தலைவரே. மனுவை எல்லாம் நான் எங்க படிச்சேன்?” என்றார் அறிவுச்செல்வன். அவருடைய கையெழுத்து நான்காவதாக இருந்தது.

துணைத் தலைவர் பாலாஜிக்கு வெகு நாளாகத் தலைவர் நாற்காலி மேல் ஆசை. வழியனுப்புவதற்கு ஆளுயர மாலைக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். முதல் கையெழுத்து தம்முடையது என்று கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அறுபத்து நான்கு பேரும் வினோதினியிடம் ஓடினார்கள். அனுமதி வாங்கியவர் போயே தீர வேண்டும் என்றும், வேண்டுமானால் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்றும், அதற்குத் தனி மனுக் கொடுக்க வேண்டும் என்றும், அது முடிய ஆறு வருடம் ஆகலாம் என்றும் அவர் தெரிவித்தார். ஆனால் விதி பதினேழில் ஒரு வழி இருந்தது. போருக்குப் போனவர் திரும்பி வராவிட்டால் அதிக காலம் காத்திருக்கப் போகிறவர் அந்த வீட்டிலேயே வயதில் சிறியவர். ஆகவே மனுதாரர் வீட்டின் மிக இளையவர் நேரில் வந்து ‘அனுப்பலாம்’ அல்லது ‘அனுப்ப வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் அறுபத்து நான்கு பேரின் அனுமதியும் அப்போதே ரத்து.

தசரதன் வீட்டில் மிக இளையவள் அவருடைய மகள் கவிநிலா. ஐந்தாம் வகுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை.

அன்றிலிருந்து சங்கத்தினர் குடும்பம் குடும்பமாக வந்து அவளைப் பார்த்தார்கள். பாலாஜி வண்ணப் பென்சில் பெட்டி கொண்டுவந்து, “மாமாவுக்கு முட்டி வலி இருக்குது பாப்பா, மனசுல வெச்சுக்கோ” என்றார். குறித்த நாள் காலையில் தோசையைப் பிட்டு ஊட்டியபடி தசரதன் மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, ரெண்டாவது கட்டத்துல போட்டுடு. மேடையில பேசுறது மேடையோட சரி.” கவிநிலா சரி என்று தலையாட்டினாள்.

பதினோரு மணிக்கு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் கோதண்டராமன் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஊரே நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பெரிய வீரர் ஒருவர் பிள்ளையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிவதை இதோ காணலாம் என்றும் அதில் பேசினார்.

தசரதனுக்கு ரத்தம் கொதித்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மகளே, தயங்காதே. உன் அப்பன் உயிருக்கு அஞ்சுகிறவன் அல்ல. அனுப்பிவிடு.”

“தலைவர் வழியே எங்கள் வழி” என்று அறுபத்து மூன்று பேரும் பழக்கத்தில் குரல் கொடுத்தார்கள். கைபேசிக்குப் பக்கத்தில் நின்றதால் பாலாஜியின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது. உண்ணாமலை கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினோதினி கொடுத்த பேனாவைப் பிடித்தபடி கவிநிலா நிமிர்ந்தாள்.

“அப்பா, வீட்ல சொன்னபடி போடணுமா, இப்ப சொல்றபடி போடணுமா?”

தசரதன் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அறுபத்து மூன்று பேரைப் பார்த்தார். அவர்கள் கண்ணாலேயே கெஞ்சினார்கள். வாயைத் திறக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியாகக் கைபேசியைப் பார்த்தார்.

“அப்பாவுக்கு எப்பவும் ஒரே பேச்சுதாம்மா. இப்ப சொல்றதுதான்.”

கவிநிலா ‘அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.