குளித்தால் ஏறும் காற்று

விருதுநகரை வீட்டுக்குள்ளேயே கொண்டு வரப்போவதாக என் வீட்டுக்காரர் சபதம் போட்டார்.

காரணம் நான்தான். "என்னங்க, கல்கத்தா குளிர் அக்‌ஷயாவுக்கு ஆகலை. தை முடியற வரைக்கும் அவளைக் கூட்டிட்டுப் போய் விருதுநகர்ல எங்க அப்பா கூட இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா பேத்தியைப் போனில்தான் பார்த்திருக்கிறார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. குளிரைத்தான் சொல்ல வந்தது.

"குளிரை ஒழிச்சுட்டா?"

"ஒழிச்சுட்டா போகலை."

சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே கிடர்பூர் பழைய கப்பல் சாமான் கடையிலிருந்து ஒரு இரும்பு ரேடியேட்டர் கைவண்டியில் வந்து இறங்கியது. பார்க்க யானையின் விலா எலும்பு மாதிரி இருந்தது. கெய்சரிலிருந்து பாத்ரூம் குழாய்க்குப் போகிற வெந்நீர் இனிமேல் அதற்குள் புகுந்துதான் போகுமாம்.

"குளிச்ச மாதிரியும் ஆச்சு, ரூம் சூடான மாதிரியும் ஆச்சு. எப்படி?"

குழாயைத் திறந்தார். ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சுட்டது. மேல்பாதி ஜில்லென்று இருந்தது. உள்ளே கடமுடவென்று சத்தம். எனக்கு உயிர் வந்தது.

"காத்து மாட்டிக்கிச்சு. காத்து இருக்கிற இடத்துக்கு வெந்நீர் ஏறாது" என்று சொல்லி, மேல் ஓரத்தில் இருந்த குட்டித் திருகாணியை ஒரு சாவியால் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் தண்ணீர் சொட்டியது. மூடினார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கீழ் வரை சுட்டது. அறையே கதகதவென்று ஆகிவிட்டது.

எனக்கு மட்டும் கைகால் சில்லிட்டது.

"அப்பாவுக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிடு மங்கை."

"நீங்க குளிச்சுட்டு வாங்க. போடறேன்."

பாட்டுப் பாடிக்கொண்டே பாத்ரூமுக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் சாவியை எடுத்தேன். அக்‌ஷயா தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"ச்சூ! அப்பா கிட்ட சொல்லக் கூடாது."

கெய்சர் வால்வை மூடினேன். திருகாணியைத் திறந்தேன். அவருடைய குழாய் ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை இழுக்க, திருகாணி வழியாகக் காற்று விர்ரென்று உள்ளே போனது. பாட்டு நின்றது.

"மங்கை! தண்ணி நின்னு போச்சு! கண்ணெல்லாம் சோப்பு!"

"இருங்க, பார்க்கறேன்!"

திருகாணியை மூடினேன். வால்வைத் திறந்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் போட்டது. சாவியை எங்கே போடுவது? அக்‌ஷயா கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

தலையெல்லாம் நுரையோடு வந்து ரேடியேட்டரின் மேலே கையை வைத்தார். ஜில்! என்னைப் பார்த்தார். அக்‌ஷயாவின் கையைப் பார்த்தார்.

"சாவி எப்படி இவ கையில?"

"நீங்கதான் தரையில வச்சுட்டுப் போனீங்க."

"ஐயோ, வாயில வச்சிருப்பாளே!" என்று பிடுங்கிக்கொண்டார். சொட்டச் சொட்ட நின்று யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! நான் குளிக்கிறதாலதான் காத்து ஏறுது!"

"அப்படியாங்க?"

"குளிக்காம இருந்து நிரூபிச்சுக் காட்டறேன் பாரு."

"குளிக்காத ஆளு பக்கத்துல பச்சைப் பிள்ளையை எப்படிங்க படுக்க வைக்கிறது?"

சோப்பு நுரை மூக்கில் வழிந்தது. துடைத்துக்கொண்டார்.

"அதுவும் சரிதான். நீங்க ரெண்டு பேரும் விருதுநகர் போயிட்டு வாங்க. அதுக்குள்ள சரி பண்ணி வைக்கிறேன்."

விருதுநகரில் அக்‌ஷயா தன் தாத்தாவின் மடியில் ஏறி அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மங்கை! நீ போனதிலேருந்து நான் குளிக்கவே இல்லை, அந்தக் குழாயையே திறக்கலை. ஒரு பொட்டுக் காத்து ஏறலை!"

"சூடு நல்லா வருதாங்க?"

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அதான் புரியலை. இப்ப கீழ்ப்பாதியும் ஜில்லுன்னு இருக்கு."